கையொப்பம் கேட்கும் ஃபிலிம்

1

ஃபிலிம் செத்துப்போய்விட்டது என்பவர்களுக்கும் ஃபிலிமைக் காப்பாற்ற வேண்டும் என்பவர்களுக்கும் இடையில் பெரிய வித்தியாசம் இருப்பதாக எனக்குப் படவில்லை. இரண்டு பேருக்குமே ஃபிலிம் என்பது ஒரு பொருள். ஒருவர் அதற்குக் கருமாதி செய்கிறார், இன்னொருவர் அதற்குக் கோயில் கட்டுகிறார். யார் அதைச் செய்தார்கள், யார் வாங்கினார்கள், யாருடைய முகம் அதில் பதிந்தது, அந்த நெகட்டிவ் இப்போது எந்த வீட்டுப் பரணில் கிடக்கிறது என்பதையெல்லாம் இருவருமே கேட்பதில்லை. இந்தக் கேள்விகளைக் கேட்டுக்கொண்டே ஒரு ஆதரவைத் திரட்ட முடியுமா என்று பார்ப்பதுதான் இக்கட்டுரையின் நோக்கம்.

விஷயம் இதுதான். இங்கிலாந்தின் மாபர்லியில் இருக்கும் இல்ஃபோர்ட் ஆலை, சாதாரணமாகக் கடையில் கிடைக்காத பெரிய அளவுகளில் (7×17, 8×20, 12×20, 14×17, 20×24 அங்குலம் என்று போகிறது பட்டியல்) ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் கறுப்பு வெள்ளை ஃபிலிம் வெட்டித் தருகிறது. குறிப்பிட்ட சில வாரங்களுக்குள் விற்பனையாளர்கள் வழியாக ஆர்டர்கள் போய்ச் சேர வேண்டும். அந்தக் கெடு தாண்டினால் அடுத்த வருஷம்தான். ஆகவே ஒவ்வொரு வருஷமும் உலகத்தின் பல மூலைகளில் இருக்கும் சில நூறு பேர் ஒருவரையொருவர் உசுப்பிவிட்டு, 'இந்த முறையும் நாம் இருக்கிறோம் என்று காட்டியாக வேண்டும்' என்று கூவி ஆர்டர் சேர்க்கிறார்கள். செஞ்சி, திண்டிவனம், புதுச்சேரிப் பக்கத்துப் புகைப்படக்கார நண்பர்கள் சிலர், ஒரே ஒரு பெட்டிக்காவது கூட்டாகப் பணம் போடலாமா என்று கொஞ்ச நாளாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு பெட்டி என்றால் 25 தகடு. அவர்கள் படமெடுக்க நினைக்கும் இடம் சிங்கவரம்.

'சரி, இதுல தமிழ் எம்.ஏ. படிச்ச உனக்கு என்ன வேலை?' என்று அந்த நண்பர்களில் ஒருவரே கேட்டார். நியாயமான கேள்விதான். புகைப்படத் தொழில்நுட்பம் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் கேட்டுத் தெரிந்ததும் படித்துத் தெரிந்ததும். ஆனால் ஒரு சிறு கூட்டம் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு, இல்லாத ஒரு பொருளை இருக்கச் செய்வது என்பது தமிழ் படித்தவனுக்கு அந்நியமான விவகாரமில்லை. சொல்லப்போனால் அது நம்முடைய பதிப்பு வரலாறு.

2

முதலில் இந்த 'மினிமம் ஆர்டர்' என்கிற சமாச்சாரத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். ஃபிலிம் ஒவ்வொன்றாக வார்த்து எடுக்கப்படுவதல்ல. ஒரு மீட்டருக்கும் மேல் அகலமான பிளாஸ்டிக் பாய் ஒன்று நீள நீளமாக இருட்டுக்குள் ஓடுகிறது. ஓடும்போதே ஜெலட்டினில் கரைத்த வெள்ளி உப்பு அதன்மேல் பூசப்படுகிறது. காய்ந்த பிறகு, அதே இருட்டில், தேவையான அளவுகளுக்கு வெட்டப்படுகிறது. இந்த இயந்திரத்தைப் பத்துப் பேருக்காகக் கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டு நிறுத்த முடியாது. ஒருதடவை ஓடினால் பல ஆயிரம் பேருக்கானது வந்து விழும். 35 மி.மீ. சுருளுக்குப் பூசிய பாயிலேயே பெரிய தகடுகளையும் வெட்டிக்கொள்ளலாமே என்றால், அதுவும் ஆகாது. மெல்லிய பாய் பெரிய அளவில் வெட்டினால் துவளும். பெரிய தகட்டுக்கு 0.18 மி.மீ. தடிமனுள்ள பாலியெஸ்டர் வேண்டும். அதாவது தனிப் பாய், தனிப் பூச்சு, தனி வெட்டு, தனிப் பெட்டி.

அளவு என்றால் எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு. 35 மி.மீ. கேமராவின் ஒரு கட்டத்தைப் போல 8×10 அங்குலத் தகடு ஏறத்தாழ 60 மடங்கு பரப்புள்ளது. 8×20 என்றால் 120 மடங்கு. இவ்வளவு பெரிய நெகட்டிவைப் பெரிதுபடுத்த வேண்டியதே இல்லை. தாளின்மேல் வைத்து அழுத்தி வெளிச்சம் காட்டினால் போதும், அதே அளவில் படம். இதைத்தான் காண்டாக்ட் பிரிண்ட் என்கிறோம்.

இப்படிப்பட்ட பொருள்கள் கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் பிழைத்த விதம் கவனிக்க வேண்டியது. இல்ஃபோர்டே 2004இல் திவாலின் விளிம்புக்குப் போய், 2005இல் அங்கே வேலை பார்த்தவர்கள் சிலரால் வாங்கப்பட்டுத் திரும்பி வந்ததுதான். அதே 2005இல் கோடக் கறுப்பு வெள்ளைத் தாள் செய்வதை அடியோடு நிறுத்தியது. காண்டாக்ட் பிரிண்டுக்குப் பேர்போன அதன் ஆஸோ தாளும் அதோடு போயிற்று. அந்தத் தாளை நம்பியிருந்த மைக்கேல் ஏ. ஸ்மித், பௌலா சாம்லி என்ற அமெரிக்கப் புகைப்படத் தம்பதி ஒப்பாரி வைத்துக்கொண்டிருக்கவில்லை. ஆதரவு திரட்டி, அதற்கு மாற்றாக லோடிமா என்ற புதுத் தாளையே செய்வித்தார்கள். அமிடால் என்ற டெவலப்பரின் பெயரை ஆங்கிலத்தில் திருப்பிப் போட்டால் லோடிமா. மரக் கேமரா செய்யும் கீத் கேன்ஹம், கோடக்கின் குறைந்தபட்ச அளவு எட்டும்வரை ஊர் ஊராக இருந்த புகைப்படக்காரர்களின் ஆர்டர்களைச் சேர்த்து, கடையில் இல்லாத அளவுகளை வெட்ட வைத்தார். சினிமாவிலும் இது நடந்தது. நோலன், டாரன்டினோ போன்ற இயக்குநர்கள் நெருக்கியதன் பேரில் 2015இன் தொடக்கத்தில் ஹாலிவுட்டின் ஆறு பெரிய நிறுவனங்கள், இவ்வளவு ஃபிலிம் வாங்குகிறோம் என்று கோடக்குடன் ஒப்பந்தம் போட்டன.

கடைசியாகச் சொன்னது மூலதனத்தின் சொல். முன்னால் சொன்னவை கைகளின் சொல். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆனால் இரண்டிலிருந்தும் தெரியவருவது ஒன்று உண்டு. 'சந்தை இல்லை' என்று எந்தப் பொருளைப் பற்றிச் சொல்லும்போதும், மழை இல்லை என்பதைப் போல ஒரு இயற்கைச் செய்தியாகவே அது நமக்குச் சொல்லப்படுகிறது. உண்மையில் சந்தை என்பது ஒரு பெயர்ப்பட்டியல்தான். பெயர்களை யாரும் சேர்க்கவில்லை என்பதைத்தான் சந்தை இல்லை என்கிறார்கள்.

3

1887இல் உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை அச்சிட்டது எப்படி என்பது தமிழ் படித்த எல்லோருக்கும் தெரியும். கும்பகோணம் கல்லூரி ஆசிரியரின் சம்பளத்தில் அவ்வளவு பெரிய நூலை அச்சேற்ற முடியாது. ஆகவே புத்தகம் வருவதற்கு முன்பே, வந்தால் வாங்கிக்கொள்கிறோம் என்று ஒப்புக்கொள்பவர்களின் பெயர்களை வாங்கினார். அதற்கு அவர் பயன்படுத்திய சொல் 'கையொப்பம்'. பணக்காரரின் கொடை இதில் ஒரு பகுதிதான். அறிமுகக் கடிதத்தோடு வீடு வீடாகப் போய், அச்சாகாத புத்தகத்துக்கு வாசகனை முன்கூட்டியே உண்டாக்குவதுதான் இதன் சாரம். வாசகர் கூட்டம் ஒன்று ஏற்கெனவே இருந்து, அதற்குப் புத்தகம் கொடுக்கப்பட்டது என்று நினைப்பது பிழை. கையொப்பம் வாங்கும் செயலின் ஊடாகவே அந்தக் கூட்டம் உருவானது.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. சிந்தாமணி சமண நூல். சைவ மடத்தில் பயின்றவர், கும்பகோணத்துச் சமணர்களிடம் போய்க் கேட்டுக் கேட்டுத்தான் அதன் பொருளைத் தெரிந்துகொண்டார். தனக்குச் சொந்தமில்லாத ஒன்றைப் பொதுவில் கொண்டுவருவதற்காக வாங்கிய கையொப்பங்கள் அவை. பதிப்பு வரலாற்றைப் பேசும்போது நாம் ஏடு தேடிய கதையை விரிவாகச் சொல்லுகிறோம். கையொப்பப் பட்டியலை அடிக்குறிப்புக்குத் தள்ளிவிடுகிறோம். தனிமனிதச் சாதனை என்ற சொல்லாடலுக்கு அந்தப் பட்டியல் இடைஞ்சல்.

நம் சிற்றிதழ்கள் வந்ததும் இந்த வழியில்தான். முந்நூறு, ஐந்நூறு சந்தா, இரண்டு நண்பர்களின் விளம்பரம், மீதி ஆசிரியரின் மனைவி நகை. பெரும் பத்திரிகைகள் வாசகனை எண்ணிக்கையாகப் பார்த்தபோது சிற்றிதழ்க்காரன் அவனை முகவரியாக வைத்திருந்தான். ஆகவே சில நூறு பேர் சேர்ந்தால் ஓடும், சேராவிட்டால் நின்றுவிடும் என்கிற ஃபிலிமின் நிலைமை நமக்குப் புரியாமல் போக நியாயமில்லை. ஃபிலிமின் விசேஷ ஓட்டமும் ஒரு சிற்றிதழ்தான்.

4

இந்த இடத்தில் ஊட்டியைப் பற்றிப் பேசாமல் போனால் அது மோசடி.

இல்ஃபோர்டுக்கும் கோடக்குக்கும் கையெழுத்துத் திரட்டுகிற உலகத்தில், நம் மாநிலத்துக்குள்ளேயே ஒரு ஃபிலிம் ஆலை இருந்தது என்பதை எத்தனை பேர் நினைத்துப் பார்க்கிறோம்? ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ். 1960இல் மத்திய அரசு நிறுவனமாகத் தொடங்கப்பட்டு, பிரான்சின் பௌஷே நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு 1967இல் உற்பத்திக்கு வந்தது. ஃபிலிம் பூச்சுக்குத் தேவை தூசியில்லாத காற்றும் குளிர்ச்சியும். நீலகிரியில் இரண்டும் இருந்தன. அங்கிருந்து வந்த பொருள்களின் பெயர் 'இந்து'. நிலவு என்ற அர்த்தத்தில். வேறு அர்த்தத்தில் வாசித்துவிட வேண்டாம். புகைப்படத் தாள், சினிமா ஃபிலிம், எக்ஸ்ரே ஃபிலிம், அச்சுத் தொழிலுக்கான ஃபிலிம் எல்லாம் வந்தன. இருபது முப்பது வருஷம் நம் ஊர் ஸ்டுடியோக்களின் பாஸ்போர்ட் முகங்கள் அந்தத் தாளில்தான் வந்தன. ஆஃப்செட்டில் அடித்த நம் சிற்றிதழ்களின் எழுத்தும் அச்சுக்குப் போகும் முன் ஃபிலிமில் ஏறித்தான் போயிற்று.

பிறகு நடந்ததும் தெரிந்த கதைதான். பாலியெஸ்டர் எக்ஸ்ரே ஃபிலிம் திட்டத்துக்காக வாங்கிய கடன் கழுத்தளவு ஏறியது. 1991க்குப் பின் தீர்வைச் சுவர் இறங்க, இறக்குமதிச் சரக்கோடு போட்டி போட முடியவில்லை. தொண்ணூறுகளின் நடுவில் நலிவுற்ற நிறுவனம் என்று அறிவிக்கப்பட்டது. 2003இல் மூடிவிடலாம் என்று பரிந்துரை. அதற்குப் பிறகும் பத்தாண்டுக்கு மேல் சம்பளத்துக்கும் விருப்ப ஓய்வுக்கும் நடுவில் இழுத்துக்கொண்டிருந்துவிட்டு அடங்கியது. டிஜிட்டல் வந்ததால் செத்தது என்று இன்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். டிஜிட்டல் கேமரா நம் ஊர்க் கல்யாணங்களுக்குள் நுழைவதற்குப் பல வருஷம் முன்பே அந்த ஆலை மூச்சுத்திணறிக்கொண்டிருந்தது என்பதைத் தேதிகளே காட்டும்.

என் கேள்வி பொருளாதாரம் பற்றியதல்ல. தொழிலாளர்கள் போராடினார்கள். அது அவர்களுடைய வேலையின், பாக்கிச் சம்பளத்தின் போராட்டமாகவே வெளியே தெரிந்தது. 'இது எங்கள் பார்வையின் பிரச்சினை' என்று புகைப்படக்காரர்களும் சினிமாக்காரர்களும் நம்மைப் போன்ற எழுத்துக்காரர்களும் ஒரு கூட்டமாக எழுந்து நிற்கவில்லை. ஏன்? எனக்குத் தெரிந்து இரண்டு காரணம். ஒன்று, அரசாங்கச் சரக்கு என்ற இளக்காரம். 'இந்து பேப்பரா, அது கொஞ்சம் சாம்பல் அடிக்கும் சார்' என்று சொல்லிக்கொண்டே அதைத்தான் வாங்கினோம். இன்னொன்று, இதைவிட முக்கியமானது. ஃபிலிமை அதிகம் பயன்படுத்திய ஸ்டுடியோக்காரருக்கு அது பிழைப்பு. பிழைப்பு வேறு கருவிக்கு மாறும்போது அவரும் மாறியாக வேண்டும், துக்கம் கொண்டாட அவருக்கு நேரம் கிடையாது. துக்கம் கொண்டாட நேரமிருந்தவர்களோ ஊட்டிச் சரக்கை ஒருநாளும் தங்களுடையதாக நினைத்ததில்லை.

ஆகவே இன்று மாபர்லிக்காகக் கையெழுத்துக் கேட்கிறவர்கள், ஊட்டிக்காக ஏன் யாரும் கேட்கவில்லை என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும். இல்லையென்றால் இது வெள்ளைக்காரன் கடைக்கு நாம் செய்யும் மொய்.

5

பெரிய தகடு நம் மண்ணில் யாருடைய கையில் இருந்தது என்று பார்த்தால் இன்னும் சில விஷயங்கள் புலப்படும்.

லின்னேயஸ் டிரைப் என்ற கம்பெனிப் படை அதிகாரி, சென்னை ராஜதானி அரசாங்கத்தின் புகைப்படக்காரராக 1857-58இல் ஸ்ரீரங்கம், திருச்சி, தஞ்சை, புதுக்கோட்டை, மதுரை என்று மாட்டுவண்டியில் கருவிகளை ஏற்றிக்கொண்டு சுற்றினார். மெழுகு தோய்த்த பெரிய பெரிய காகித நெகட்டிவ்கள். வடக்கே கலகம் எரிந்துகொண்டிருந்த வருஷத்தில் தெற்கே கோயில்களைக் கணக்கெடுக்கிற கண் அது. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்துக் கல்வெட்டை அவர் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டிச் சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். தமிழ் எழுத்து இவ்வளவு நீளமாகப் புகைப்படத்தில் அதற்கு முன் கிடந்ததில்லை. ஆனால் அது யாருக்காக, யார் வாசிக்க என்று கேட்டால் பதில் லண்டனில் இருக்கிறது. கொஞ்ச காலத்துக்குள் ஆளுநர் டிரெவெல்யன், இது ஆடம்பரச் செலவு என்று திட்டத்தையே நிறுத்தினார். நம் நிலத்தின் முதல் பெரிய அளவுப் புகைப்பட முயற்சி, செலவைக் காட்டியே மூடப்பட்டது என்பதைக் குறித்துக்கொள்ளலாம்.

அரசாங்கத்துக்கு வெளியே பெரிய தகடு இருந்தது ஸ்டுடியோவில். ஆலப்புழையில் கருணாகரன் செய்த வாகீஸ்வரி மரக் கேமராக்கள், துருத்தியும் பித்தளை வளையமுமாகத் தென்னாட்டு ஸ்டுடியோக்களில் பல பத்தாண்டுகள் நின்றன. 'கட் ஃபிலிம்' என்று ஸ்டுடியோக்காரர்கள் சொல்வது இந்தத் தகட்டைத்தான். அவர்களுக்கு அது கலையின் தூய்மைக்காகத் தேவைப்படவில்லை. நெகட்டிவ் பெரிதாக இருந்தால்தான் பென்சிலால் டச்சிங் செய்ய முடியும், முகத்தின் அம்மைத் தழும்பை எடுக்க முடியும், கறுத்த பெண்ணைக் கல்யாணத்துக்காகக் கொஞ்சம் வெளுக்க வைக்க முடியும். சாதியும் நிறமும் வரதட்சணையும் எல்லாம் அந்தப் பென்சில் முனையில் இருந்தன. அந்தத் தகடுகளின் கதி என்ன? வெள்ளிக்காகச் சுரண்டப்பட்டவை, கரையான் தின்றவை, பழைய பேப்பர்காரருக்குப் போனவை. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு, 1880க்கும் 1980க்கும் இடைப்பட்ட தமிழ் ஸ்டுடியோப் படங்களைத் தேடியெடுத்து எண்மப்படுத்தியது எவ்வளவு பெரிய காரியம் என்பது, மிஞ்சியது எவ்வளவு குறைவு என்று பார்த்தால் விளங்கும்.

மூன்றாவது இடத்தை யாரும் சொல்வதில்லை: தர்மாஸ்பத்திரி. நெஞ்சு எக்ஸ்ரே ஃபிலிமின் அளவு 14×17 அங்குலம். இல்ஃபோர்டின் விசேஷப் பட்டியலில் இருக்கும் அதே அளவு. காசநோய் வார்டில் சட்டையைக் கழற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒவ்வொரு கூலித் தொழிலாளியும் பெரிய தகட்டில் பதிவானவர்தான். நம் மக்களில் பெரும்பாலோரின் முகம் தபால்தலை அளவில் எடுக்கப்பட்டது. நெஞ்செலும்பு மட்டும் உண்மை அளவில் எடுக்கப்பட்டது. பெரிய ஃபிலிமை மேட்டுக்குடிப் பொழுதுபோக்கு என்று ஒரே வரியில் ஒதுக்குகிற நண்பர்கள் இதை யோசிக்க வேண்டும். பெரிய ஃபிலிமைத் தியானம், நிதானம், தூய்மை என்று விற்கிறவர்களும் யோசிக்க வேண்டும். அந்தத் தூய்மைக்காரர்களுக்கு இன்னொரு செய்தி: ஃபிலிமின்மேல் வெள்ளியைப் பிடித்து வைத்திருக்கும் ஜெலட்டின் மாட்டின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் காய்ச்சப்படுவது. எந்தச் சாமியைப் படமெடுத்தாலும் அந்தப் பசையின் மேல்தான் எடுக்கிறோம்.

6

இனி சிங்கவரம்.

செஞ்சிக்கு வடக்கே நாலைந்து கிலோமீட்டரில் இருக்கிறது. மலையில் குடைந்த பல்லவர் காலத்து அரங்கநாதர், பாறையோடு பாறையாகப் படுத்திருக்கிறார். தேசிங்குராஜன் போருக்குப் போகும்முன் வந்து கும்பிட்டபோது சாமி முகத்தைத் திருப்பிக்கொண்டது என்று கதை சொல்வார்கள். வருகிறவர்கள் கேட்பதும் அந்தக் கதைதான், எடுப்பதும் கோட்டைப் படம்தான். இந்த வட்டாரத்தை கேமரா இதுவரை பார்த்த விதம் இரண்டே இரண்டு: வீரம் அல்லது பக்தி. 2025 ஜூலையில் யுனெஸ்கோ 'மராத்திய இராணுவ நிலவமைப்புகள்' என்ற பெயரில் 12 கோட்டைகளை உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருக்கும் ஒரே கோட்டை செஞ்சி. மகிழ்ச்சிதான். ஆனால் ஒரு பெயர் வைக்கப்படும்போதே அதற்குள் வராதவை எவை என்பதும் முடிவாகிவிடுகிறது.

அப்படி வராத ஒன்று சிங்கவரத்தை ஒட்டிய திருநாதர்குன்று. அங்கே ஒரு பெரிய பாறையின் முகத்தில் 24 தீர்த்தங்கரர்கள், வரிசைக்கு 12 பேராக இரண்டு வரிசையில் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். கூரை கிடையாது, கோபுரம் கிடையாது, வெயிலும் மழையும்தான். அருகே ஒரு சிறு கல்வெட்டு: 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி என்ற ஆசிரியரின் நிசீதிகை என்று சொல்கிறது. சுமார் ஆறாம் நூற்றாண்டு. தமிழ்ப் பிராமியிலிருந்து வட்டெழுத்து உருத்திரண்டுவரும் கட்டத்து எழுத்து என்பதால் எழுத்தியல்காரர்களுக்கு அது மிக முக்கியமான சான்று. காலத்தால் பிந்திய இன்னொரு கல்வெட்டு இளையபட்டாரர் 30 நாள் நோன்பிருந்து இறந்ததைச் சொல்கிறது. இந்த வட்டாரத்தில் தமிழ்ச் சமணர்கள் இன்றும் வாழ்கிறார்கள், அவர்களுடைய மடம் மேல்சித்தாமூரில் இருக்கிறது. இறந்துபோன சமயத்தின் சின்னமாக அந்தப் பாறையைப் பார்ப்பது, உயிரோடு இருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கு மாலை போடுகிற காரியம்.

அந்தப் புடைப்பு ஆழமில்லாதது. உச்சி வெயிலில் போய் நின்றால் பாதி உருவம் கல்லுக்குள் போய்விடும். காலையிலோ மாலையிலோ பக்கவாட்டு வெளிச்சம் தடவிக்கொண்டு போகும்போதுதான் 24 பேரும் எழுந்து வருவார்கள். அகலத்தில் 12, உயரத்தில் 2 என்கிற அந்தப் பாறைக்கு 8×20 தகடு அளந்து வெட்டியதுபோல் இருக்கும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.

'ஏம்ப்பா, போன்ல எடுத்தா விழாதா?' விழும். நன்றாகவே விழும். அளவெடுக்கவும் சிதைவைக் கண்காணிக்கவும் முப்பரிமாண ஸ்கேனிங் ஃபிலிமைவிட மேலானது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஃபிலிம்தான் உண்மை, டிஜிட்டல் பொய் என்கிற சாராம்சவாதத்தை நான் ஏற்கவில்லை. என் வாதம் வேறு.

கல்வெட்டு ஆய்வில் மைப்படி எடுப்பார்கள். ஈரத்தாளைக் கல்லின்மேல் ஒட்டி, தூரிகையால் அடித்துப் படியவைத்து, மையொற்றி எடுப்பது. கல்லின் அளவே தாளின் அளவு. அதைப் படிக்க எந்தக் கருவியும் வேண்டாம், விரித்துப் பார்த்தால் போதும். பெரிய நெகட்டிவுக்கும் அந்தக் குணம் உண்டு. சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் படம் தெரியும். கம்பெனி மூடினாலும், கடவுச்சொல் மறந்தாலும், சந்தா கட்டாவிட்டாலும் தெரியும். அப்படியொரு பொருள் இருப்பதனால்தான் அது யாரிடம் இருக்க வேண்டும் என்ற அரசியலும் வருகிறது. மைசூரில் கிடந்த தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகளைச் சென்னைக்குக் கொண்டுவர உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021இல் உத்தரவிட வேண்டியிருந்ததை நினைத்துப் பாருங்கள். ஒரு தாளுக்காக நீதிமன்றம் போகலாம். மேகத்தில் கிடக்கும் கோப்புக்கு எந்த ஊர் நீதிமன்றம்?

இரண்டாவது, 25 என்கிற எண்ணிக்கை. போனில் ஆயிரம் படம் எடுக்கிறவர் எதையும் விலக்க வேண்டியதில்லை, ஆகவே எதையும் தேர்ந்தெடுக்கவும் வேண்டியதில்லை. 25 தகட்டைப் பத்துப் பேர் பணம் போட்டு வாங்கினால், எதை எடுப்பது என்று பத்துப் பேரும் சண்டை போட்டாக வேண்டும். அரங்கநாதரா, தீர்த்தங்கரரா? கல்வெட்டா, அந்தப் பாறை நிழலில் ஆடு மேய்க்கிறவரா? குவாரிக்காகப் பிளக்கப்பட்ட பக்கத்து மலையா? அறுபத்து நாலு பக்கத்துக்குள் எதைப் போடுவது என்று சிற்றிதழ் ஆசிரியர் குழு போடுகிற அதே சண்டைதான். அந்தச் சண்டை நடப்பதற்காகவே இந்தப் பெட்டியை வாங்கலாம் என்பேன்.

செஞ்சியிலிருந்து விழுப்புரம் போகிற வழிப்பக்கம் மண்டகப்பட்டில் மகேந்திரவர்மனின் குடைவரை இருக்கிறது. செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இல்லாமல் இதைச் செய்தேன் என்று அரசன் அங்கே பொறித்து வைத்திருக்கிறான். எந்தப் பொருளில் செய்கிறோம் என்பதே ஒரு கூற்றாக முடியும் என்பதற்கு இதைவிடப் பழைய சாட்சி நம் பக்கத்தில் வேண்டாம். ஆனால் அது அரசனின் கூற்று. உளி பிடித்தவர்களின் பெயர் அங்கே இல்லை. நாம் செய்யும்போதும் அப்படியே ஆகிவிடக் கூடாது.

7

ஆகவே நான் ஆதரிக்கிறேன். நிபந்தனைகளோடு.

ஒன்று: இது தனிநபர் சேகரிப்பாக முடியக் கூடாது. பெட்டிக்குப் பணம் போட்டவர்கள் பிரதிகளை எடுத்துக்கொள்ளட்டும். நெகட்டிவ் பொதுவில் இருக்க வேண்டும். எந்த நிறுவனத்தின் பொறுப்பில், எந்த விதிகளோடு, யார் வந்து பார்க்கலாம் என்பதை முதல் தகட்டைத் திறப்பதற்கு முன்பே எழுதிக்கொள்ள வேண்டும். அட்ஜே என்ற பாரிஸ் புகைப்படக்காரர் பழைய தெருக்களைப் பெரிய கண்ணாடித் தகடுகளில் எடுத்து, நூலகங்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் ஆவணங்களாக விற்றுப் பிழைத்தார். வால்டர் பெஞ்சமின் அந்த ஆளில்லாத தெருக்களைக் குற்றம் நடந்த இடங்களோடு ஒப்பிட்டதை நாம் அடிக்கடி மேற்கோள் காட்டுகிறோம். படங்கள் பொது நிறுவனங்களில் இருந்ததால்தான் அவற்றைச் சாட்சியாக வாசிக்க முடிந்தது என்பதை மறந்துவிடுகிறோம்.

இரண்டு: ஒவ்வொரு தகட்டுக்கும் இடம், தேதி, எடுத்தவர் பெயரோடு முக்காலியைத் தூக்கி வந்தவர், பாதை காட்டியவர், படத்தில் நிற்கிறவர் பெயர்களும் எழுதப்பட வேண்டும். பெயர் வேண்டாம் என்று அவர் சொன்னால் அதையும் மதிக்க வேண்டும். மேல்சித்தாமூர்க்காரர்களிடம் கேட்காமல் திருநாதர்குன்றை எடுக்கக் கூடாது. கும்பகோணத்துச் சமணர்களிடம் உ.வே.சா. கேட்டதுபோல் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

மூன்று: விலையுயர்ந்த தகட்டில் நேரே இறங்க வேண்டாம். எக்ஸ்ரே ஃபிலிம் இன்னும் கிடைக்கிறது. அந்த இனத்துக்குச் சிவப்பு விளக்கில் கழுவிப் பழகலாம். கேமராவை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கவும் வேண்டாம். ஆலப்புழையில் முடிந்தது செஞ்சித் தச்சருக்கு முடியாதா? இதையெல்லாம் செய்யும்போது பழைய ஸ்டுடியோக்காரர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்க வேண்டும். இருட்டறை அவர்களுடைய கையில் இருந்த அறிவு, அதை இணையத்தில் அமெரிக்கரிடம்தான் கற்க வேண்டும் என்பதில்லை.

இவ்வளவும் செய்தால் மாபர்லி ஆலைக்கு நம் ஒரு பெட்டியால் ஒன்றும் ஆகப்போவதில்லை என்பது எனக்குத் தெரியும். அவர்கள் பட்டியலில் நாம் ஒரு வரி. ஆனால் இங்கே பத்துப் பேர் கொண்ட ஒரு பட்டியல் உருவாகியிருக்கும். ஊட்டி மூடப்பட்டபோது நம்மிடம் இல்லாமல் போனது அந்தப் பட்டியல்தான். நாளைக்கு ஒரு ஸ்டுடியோவின் தகடுகள் எடைக்குப் போகும்போது, ஒரு பாறை குவாரிக்குக் குத்தகை விடப்படும்போது, யாரைக் கூப்பிடுவது என்று தெரிந்திருக்கும்.

கையெழுத்துப் போடுங்கள். நெகட்டிவ் எங்கே வைக்கப்படும் என்று கேட்டுவிட்டுப் போடுங்கள்.